பன்னிரண்டாம் அத்தியாயம்: வைத்திலிங்கத்தாருக்கு அண்ணன் இல்லை

"அவளுக்குச் சொல்லு, பாண் சூட்டோட மேசையில கிடக்கெண்டு."

இரவிச்சந்திரன் சொன்னது மனைவி தவமலருக்கு. 'அவள்' ஆகிய மகள் நிருஷா அதே மேசையின் மறுபக்கத்தில் இருந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா பாண் கொண்டந்திருக்கிறாராம்," என்றாள் தவமலர், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

"கண்டனான் எண்டு சொல்லுங்கோ அம்மா."

"கண்டவளாம்."

"பட்டர் உள்ளுக்க கிடக்கெண்டு சொல்லு."

"இஞ்சாருங்கோ, எனக்குப் பால் பொங்குது. நீங்கள் ரெண்டு பேரும் சம்பளத்துக்கு ஒரு ஆளை வையுங்கோவன். நானும் ஏழு மாசமாச் சும்மா செய்யிறன்."

ஏழு மாதமாக மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் கதை பேச்சு இப்படித்தான் நடக்கிறது. தாதிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் நிருஷா, கனடியப் பட்டாளத்தின் பகுதிநேரப் பிரிவில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன் என்று செப்டம்பரில் வந்து சொன்னாள். அன்றைக்கு இரவிச்சந்திரன் மகளோடு கடைசியாக நேரே பேசியது இதுதான்:

"எங்கட குடும்பத்தில பட்டாளத்துக்குப் போனது ஒரே ஒரு ஆள். அப்புவின்ர தமையன் கனகசபை. வெள்ளைக்காரன்ர சண்டைக்குப் போய் எங்கயோ மணலுக்குள்ள செத்துப்போனார். அப்பு மண்வெட்டியோட நிண்டவர். அதாலதான் நானும் இருக்கிறன், நீயும் இருக்கிறாய்."

அப்பு என்றால் இரவிச்சந்திரனின் தகப்பனைப் பெற்றவர், வைத்திலிங்கத்தார். ஐம்பத்துமூன்றாம் ஆண்டு கைதடியில் இருந்து பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போய், வட்டக்கச்சியில் காடு வெட்டி வயலாக்கிய முதல் சில குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவருடைய படம் இப்போது மொன்றியல் வீட்டு ஹோலில் தொங்குகிறது. வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு.

இந்தச் சண்டைக்கு நடுவில் தானாக வந்து விழுந்தவள் இரவிச்சந்திரனின் தங்கை பிரஷாந்தினி. பக்கத்து ஊரான லவாலில் வீட்டோடு ஒரு கார்டெரி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்துகிறவள். "செத்த மனுசனுக்கு எங்கயாவது ஒரு கல்லறை இருக்கத்தானே வேணும், அதைக் கண்டுபிடிச்சு ஒரு படமாவது கொண்டந்து வைச்சா அண்ணையின்ர கோவம் தணியும்" என்பது அவளுடைய கணக்கு. இங்கிலாந்தில் பழைய படைப் பதிவுகள் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு நிருஷாவைக் கொண்டு கடிதம் எழுதுவித்து மூன்று மாதமாகிறது.

சனிக்கிழமை நிருஷாவின் பயிற்சி முடிந்த அணிவகுப்பு. இன்று வியாழன்.

"அம்மா, வாற ஆக்களின்ர பேரை இண்டைக்கு அஞ்சு மணிக்கு முதல் அனுப்ப வேணும். பேர் இல்லாட்டி வாசலில விடமாட்டினம்."

"அப்பாவின்ர பேரையும் போடு."

"அவரைக் கேளுங்கோ."

தவமலர் கேட்கவில்லை. மகள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"சனிக்கிழமை எனக்கு வேலை எண்டு சொல்லு," என்றார் இரவிச்சந்திரன்.

"சனிக்கிழமை பேக்கரியில உங்களுக்கு லீவெல்லோ?"

"வேலை எண்டு சொல்லு."

நிருஷா எழுந்தாள். பாணில் ஒரு துண்டை முறித்து வாயில் வைத்துக்கொண்டு, புத்தகப் பையை ஒரு தோளில் கொழுவினாள்.

"சரி எண்டு சொல்லுங்கோ அம்மா," என்றுவிட்டு படியிறங்கிப் போனாள்.

இரவு முழுக்க மா பிசைந்துவிட்டு வந்த மனிதர் படுக்கப் போகாமல் யன்னலடியில் நின்றார். ஏப்ரல் மாதத்து ஊத்தைப் பனி ஓரங்களில் கரைந்துகொண்டிருந்த தெருவில், மெட்ரோப் பக்கம் அவள் திரும்பும்வரை நின்றார்.

"பாத்தது காணும், படுங்கோ," என்றாள் தவமலர். "நீங்கள் பாத்ததெண்டு நான் சொல்லமாட்டன். அது என்ர வேலையில சேராது."

---

லவாலில் மத்தியானம் ஒரு மணி. ஆறு குழந்தைகளும் ஒரே நேரத்தில் நித்திரையாவது மாதத்தில் இரண்டு தரம் நடக்கிற அதிசயம். அந்த அதிசயத்தின் நடுவில் பிரஷாந்தினியின் போனுக்குள் இங்கிலாந்துக் கடிதம் வந்து விழுந்தது.

முதல் பந்தியை வாசித்ததும் அவளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. கைதடி கந்தையாவின் மகன் கனகசபை என்ற பெயரில் ஒருவரும் இல்லை.

இரண்டாம் பந்தியை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். இணைத்திருந்த தாளைத் திறந்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மருமகளுக்குப் போன் அடித்தாள்.

"நிரு, எங்க நிக்கிறாய்?"

"ஹொஸ்பிட்டல் சாப்பாட்டுக் கடையில. ஏன் மாமி இரகசியமாக் கதைக்கிறீங்கள்?"

"குழந்தையள் படுக்குதுகள். இங்கிலாந்தில இருந்து பதில் வந்திட்டுது. கனகசபை இல்லையாம்."

"கல்லறை இல்லையோ?"

"ஆளே இல்லை. ஆனா அதே கைதடி, அதே கந்தையாவின்ர மகன், வைத்திலிங்கம் எண்டு ஒருத்தர் இருக்கிறாராம். நாப்பத்தொண்டில சேந்து நாப்பத்தாறில வீட்டை வந்திருக்கிறார்."

மறுபக்கத்தில் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"வைத்திலிங்கம் எண்டா பூட்டனெல்லோ?"

"அதுதான் எனக்கும் தலை சுத்துது. வேற வைத்திலிங்கமாயும் இருக்கலாம். கைதடியில கல்லெறிஞ்சா ஒரு வைத்திலிங்கத்தில படும்."

"தாளில வேற என்ன கிடக்கு? உயரம், நிறம், அடையாளம் ஒண்டும் எழுதேல்லையோ?"

பிரஷாந்தினி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இரு. தொழில், கமம். உயரம் அஞ்சடி ஆறு. இடது புருவத்துக்கு மேல..." என்று தொடங்கியவள் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"மாமி?"

"மாட்டுக் கொம்பு கிழிச்ச தழும்பு எண்டு கிடக்கு. நிரு, அந்தத் தழும்பை நான் விரலால தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறன். அப்புவின்ர மடியில இருந்து."

"அப்ப பூட்டனுக்கு ஒரு அண்ணன் இருந்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான். எங்கட வீட்டில, அயலில, எல்லாரும்."

"நீங்கள் நேர ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

"சின்னனில கேட்டது கொப்பரிட்ட, என்ர அண்ணையிட்டத்தான்."

"அப்ப அவரிட்டத்தான் திரும்பக் கேக்க வேணும்," என்றாள் நிருஷா. "நான் நாலு மணிக்குப் பார்க் மெட்ரோவில நிப்பன். நான் கேட்டா அவர் அம்மாவைப் பாத்துத்தான் பதில் சொல்லுவார். நீங்கள் கேளுங்கோ."

வெளியில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அது அழுதால் மற்ற ஐந்தும் அழும்.

---

"என்ன சாந்தி, வியாழக்கிழமையில? பிள்ளையள் எங்க?"

"மூண்டு மணியோட தாய்மார் வந்து கொண்டு போட்டினம். அண்ணை, இருங்கோ."

இரவிச்சந்திரன் அப்போதுதான் எழும்பி முகம் கழுவியிருந்தார். அவர் சாந்தி என்று கூப்பிடுகிற தங்கைக்குப் பின்னால் மகளும் வந்து, கோட்டைக் கழற்றாமல் கதவோடு நின்றதைக் கண்டார். கண்டது மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

"இருக்கிறன். என்ன?"

"அப்புவுக்கு அண்ணன் இருந்தவரோ?"

"உதென்ன கேள்வி? கனகசபை."

"எத்தினை வயசு மூப்பு?"

"நாலைஞ்சு இருக்கும்."

"கலியாணம் கட்டினவரோ?"

"இல்லை."

"எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவர்?"

"நீ என்ன, இமிக்கிரேஷன்காரியே? எனக்கெப்பிடித் தெரியும்? நான் பிறக்க முதல் செத்த மனுசன்."

"பிறக்க முதல் செத்தாரோ, பிறக்காமலே செத்தாரோ?"

தவமலர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

பிரஷாந்தினி கைப்பைக்குள் இருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தாள். வரும் வழியில் கடையொன்றில் அச்செடுத்தது. ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"பெயர், வைத்திலிங்கம். தகப்பன், கந்தையா. மூத்த மகன். ஊர் கைதடி. தொழில் கமம். இடம், எகிப்து, லிபியா. வேலை, படைக்குத் தண்ணிக் குழாய் பதிக்கிற பகுதி. அண்ணை, மூத்த மகன் எண்டு கிடக்கு. மூத்தவருக்கு எப்பிடி ஒரு தமையன்?"

இரவிச்சந்திரன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடி கொண்டுவரச் சொல்லக்கூடத் தோன்றாமல், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன, இந்தக் கீழ் மூலையில பேனையால?"

"மேலதிகாரி எழுதினது. 'நம்பக்கூடிய ஆள். மட்டம் பார்ப்பதில் கெட்டிக்காரன். கழுதைகள் இவன் சொன்னால் கேட்கும்.'"

யாரும் எதிர்பார்க்கவில்லை. இரவிச்சந்திரன் சிரித்தார். மேசை ஆடும்படி சிரித்தார்.

"கள்ள மனுசன்," என்றார். "போத்திலுக்குள்ள பாதிக்குத் தண்ணி விட்டு, பலகையில படுக்க வைச்சு மட்டம் பாப்பார். வட்டக்கச்சியில எந்த வாய்க்கால் வெட்டினாலும் முதல் அப்புவைத்தான் கூப்பிடுவினம். எங்க படிச்சனியள் எண்டு கேட்டா, என்ர மூளையில வந்தது எண்டு சொன்னவர். முழுக் குடியேற்றமும் நம்பினது. வெள்ளைக்காரன்ர சம்பளத்தில படிச்சிருக்கிறார்."

சிரிப்பு நின்ற பிறகு கண்ணைத் துடைத்தார். துடைத்த கை முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் பிரஷாந்தினி. "அவர்தான் போனவர் எண்டு உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம்."

"அப்ப ஏன் அண்ணை?"

"கொஞ்சம் தேத்தண்ணி தா மலர்," என்றார். வந்த தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை.

"எண்பத்தஞ்சாம் ஆண்டு. எனக்குப் பதினைஞ்சு வயசு. உனக்கு ஏழு, நீ அண்டைக்குக் கைதடியில அம்மம்மா வீட்டில. அப்புவின்ர படம் வாசலுக்கு நேர தொங்கும். காக்கி உடுப்பு, தொப்பி, இடுப்பில வார். அதைப் பாக்காமல் ஒருத்தரும் உள்ளுக்க வரேலாது. வந்தா எகிப்துக் கதை கேக்காமல் வெளியில போகவும் ஏலாது."

"எனக்கு அந்தப் படம் ஞாபகமில்லை."

"நீ திரும்பி வரேக்க அது இல்லை. அண்டைக்கு விடியக் காலமை, இயக்கப் பெடியளைத் தேடி ஆமியின்ர சுற்றிவளைப்பு. எங்கட முற்றத்துக்கு வந்த ஆமிக்காரனும் ஒரு பெடியன்தான். என்னைவிட நாலு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். அவனுக்கும் பயம். படத்தைப் பாத்தான். பேந்து என்னைப் பாத்தான். கொஞ்சம் தமிழ் தெரியும் அவனுக்கு. 'ஆர் இது? இந்த வீட்டில ஆர் சண்டை பழக்கிறது?' எண்டு கேட்டான்."

தவமலர் கதிரையை இழுத்து இருந்தாள். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அவளுக்கு இது புதுக்கதை.

"அப்பு என்ன சொன்னவர்?" என்றாள் பிரஷாந்தினி.

"ஊர் முழுக்க அந்த உடுப்பைப் பற்றிச் சொல்லித் திரிஞ்ச மனுசன். 'அது நானில்லை, ராசா. அது என்ர தமையன். செத்துப்போனார். நான் கமக்காரன், இவனும் கமக்காரன்' எண்டு என்ர ரெண்டு கையையும் பிடிச்சுத் திருப்பிக் காட்டினவர். மண்வெட்டி பிடிச்ச காய்ப்பு இருந்தது. அவன் கையைத் தடவிப் பாத்தான். 'தமையன்ர பேர் என்ன?' எண்டான். அப்பு யோசிக்கேல்லை. கனகசபை எண்டார்."

"அந்தப் பேர் எங்க இருந்து வந்தது?"

"எங்கட வாய்க்காலுக்கு ஓவசியரா இருந்தவற்ர பேர்."

பிரஷாந்தினி அண்ணனையே பார்த்தாள்.

"அண்ணை, நான் மூண்டு மாசமா ஒரு ஓவசியருக்குக் கல்லறை தேடியிருக்கிறன்."

"ஓம்."

"கல்லறை மட்டுமில்லை. போன மாசம் டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய்க் கனகசபைக்கு மோட்ச அர்ச்சனையும் செய்விச்சனான். ஐயர் நட்சத்திரம் கேட்டவர். தெரியாதெண்டு சொல்லி, குத்துமதிப்பா ஒரு நட்சத்திரம் வேற குடுத்தனான்."

"நல்ல மனுசன் அந்த ஓவசியர்," என்றார் இரவிச்சந்திரன். "பலன் அவருக்கே போகட்டும்."

கதவடியில் இருந்து நிருஷாவின் சிரிப்பு வந்தது. அவர் அந்தப் பக்கம் பாதி திரும்பி, நிறுத்திக்கொண்டார்.

"பிறகு?" என்றாள் தவமலர்.

"பிறகென்ன. ஆமி போன பிறகு அப்பு அயலுக்கெல்லாம் போய், இனிமேல் அப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டு வந்தார். ஊரும் அப்பிடியே சொல்லத் தொடங்கினது. ஒருத்தரும் மாறிச் சொல்லேல்லை. அடுத்த நாள் படத்தைக் கழட்டி என்ர கையில தந்து, கிளிநொச்சியில ஸ்ரூடியோவுக்குக் கொண்டு போகச் சொன்னார். 'தலை இருக்கட்டும், உடம்பை மாத்தச் சொல்லு' எண்டார். சைக்கிளில போனன். ஸ்ரூடியோக்காரர் தலையை வெட்டி எடுத்து, வேற ஆரோ ஒருதற்ர உடம்பில ஒட்டி, மையால சரி பாத்து, திருநீறும் வைச்சு விட்டார்."

நான்கு பேரும் ஹோலில் தொங்கிய படத்தைப் பார்த்தார்கள். சால்வை போட்ட அந்த மனிதருக்கு அவருடைய தலைக்குக் கொஞ்சம் அதிகமான தோள் இருந்தது. இத்தனை வருடமாக அதை யாரும் கவனிக்கவில்லை.

"கொண்டு போய்க் குடுத்தன். பாத்தார். 'நல்லா இருக்கு. கமக்காரன் மாதிரித்தான் இருக்கு' எண்டார். அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் எகிப்து எண்டு ஒரு சொல் வாயில வரேல்லை. பேரப்பிள்ளையள் கேட்டாலும் தமையன்ர கதையாத்தான் சொன்னவர். சாந்தி, விளங்குதோ உனக்கு? எனக்காக அந்த மனுசன் தன்ர அஞ்சு வருசத்தை அழிச்சவர். உயிரோட இருந்துகொண்டு தன்னைச் செத்ததெண்டு சொன்னவர்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை அப்பால் தள்ளிவைத்தார்.

"அதுதான் சாந்தி. எனக்கு உடுப்பில கோவமில்லை. ஒரு வீட்டுக்குள்ள உடுப்பொண்டு வந்தா, எண்டைக்கோ ஒருநாள் வாசலில நிண்டு ஆரோ பொய் சொல்ல வேண்டி வரும். அதை நினைச்சா எனக்கு நித்திரை வராது. வேற ஒண்டுமில்லை. அவளுக்குச் சொல்லு."

பிரஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். நிருஷாவின் முகத்தில் காலையில் இருந்த இறுக்கம் இல்லை.

"மாமி, அப்பாட்டச் சொல்லுங்கோ. நான் அந்த வேலைக்குப் போக இஞ்ச ஒருத்தரும் பொய் சொல்லத் தேவையில்லை. வேணுமெண்டா என்னட்ட என்னத்தையும் கேக்கலாம். கேட்டா உள்ளதைச் சொல்லுவன்."

"துவக்குச் சுடப் பழக்கினவையோ எண்டு கேள்."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இந்த வீடு இந்த நிமிடமே ஆறிப்போகும் என்று பிரஷாந்தினிக்குத் தெரிந்தது. அதை மருமகளுக்குக் கண்ணாலும் காட்டினாள்.

"ஓம், பழக்கினவை எண்டு சொல்லுங்கோ," என்றாள் நிருஷா. "எல்லாருக்கும் பழக்கித்தான் விடுவினம், மருத்துவக்காரருக்கும். பதினெட்டில பன்னிரண்டு பட்டது. காயத்துக்குக் கட்டுப் போடுறதில எங்கட பகுதியில நான்தான் முதல். அதையும் சொல்லுங்கோ."

இரவிச்சந்திரன் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது. மறுபடி தாளை எடுத்து, கீழ் மூலையில் பேனையால் எழுதியிருந்ததை விரலால் தடவினார்.

"இதில நான் பிழை பிடிக்கேலாது," என்றார் யாருக்கென்றில்லாமல். "கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னது இந்த வீட்டில இண்டைக்கு அவள் ஒருத்திதான்."

"நானும் சொன்னனான்," என்றாள் பிரஷாந்தினி. "ஓவசியருக்கு அர்ச்சனை செய்ததைச் சொன்னனானெல்லோ."

தவமலர் எழுந்து வந்து கணவனின் கோப்பையை வாங்கினாள். "இந்தத் தாளை என்ன செய்யப்போறியள்?"

"சட்டம் போட்டு அந்தப் படத்துக்குப் பக்கத்தில தொங்கவிடு. தலை அங்க, உடம்பு இஞ்ச. பாக்கிறவை சேத்துப் பாக்கட்டும்." தொண்டையைச் செருமினார். "மணி என்ன?"

"நாலேமுக்கால்."

"அஞ்சு மணிக்கு முதல் பேர் குடுக்க வேணுமெண்டு காலமை சொன்னவள். இன்னும் குடுக்கலாமோ எண்டு கேள்."

தவமலரின் கை கோப்பையோடு அப்படியே நின்றது. பிரஷாந்தினி அண்ணியைப் பார்த்தாள், அண்ணி பிரஷாந்தினியைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்காக ஏழு மாதம் காத்திருந்தவர்களுக்கு, அது வந்தபோது யார் முதலில் வாயைத் திறப்பது என்று தெரியவில்லை.

"சனிக்கிழமை வேலை எண்டு சொன்னியள்," என்றாள் தவமலர் கடைசியில்.

"வேலையும் இல்லை, ஒண்டுமில்லை. நீ கேளன்."

நிருஷாதான் தடுமாறினாள். கோட்டுப் பைக்குள் இருந்த போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அம்மா, ஒரு ஆளுக்கு மூண்டு பேரைத்தான் கூட்டிக்கொண்டு போக விடுவினம். நான் மூண்டு பேரையும் குடுத்திட்டன். மெட்ரோவில வரேக்க அனுப்பினனான். அப்பா வரமாட்டார் எண்டு நினைச்சுத்தான்."

"பரவாயில்லை, மாத்தலாம்தானே. இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு," என்றாள் பிரஷாந்தினி. "என்ர பேரை வெட்டிப்போட்டு அண்ணையின்ர பேரைப் போடு. நான் படத்தில பாக்கிறன்."

"இல்லை மாமி, உங்களை வெட்டமாட்டன். நீங்கள்தான் இவ்வளவும் தேடினது."

"அப்ப ஆரை வெட்டுவாய்? அம்மாவையோ?"

"அம்மாவையும் இல்லை."

"நானும் கொம்மாவும் ரெண்டு பேர். மூண்டாவது ஆர்?"

நிருஷா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது நுனி சிவந்தது.

"டனிஸ்ரன்," என்றாள், மிகவும் மெதுவாக.

இரவிச்சந்திரன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். மகளுக்கு முன்னால் வந்து, அவளுடைய முகத்துக்கு நேரே நின்றார்.

"ஆர் பிள்ளை அந்த டனிஸ்ரன்?"

நிருஷா பழக்கதோஷத்தில் தாயைத் தேடினாள். தவமலர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"என்னைப் பாராத. உன்னைத்தான் கேக்கிறார்."